தம்புராவுக்கு அடியில் கேட்ட ஐந்து கட்டை

என் அப்பா விட்டுச் சென்ற இசைத்தட்டுகளில் பாதிக்கு மேல் கர்நாடக சங்கீதம். பெண் பாடகர்களின் எல்பி தட்டுகள்தான் அதிகம். பாட்டு தொடங்குவதற்கு முன் சில நொடிகள் தம்புரா மட்டும் ஒலிக்கும், அந்த இடத்துக்காகவே நான் சில தட்டுகளை எடுத்துப் போடுவேன். போன வருடம் வாங்கிய பழைய ஜப்பானிய டர்ன்டேபிளில் அதே தட்டுகளைப் போட்டபோது தம்புராவுக்கு அடியில் இன்னொரு சுருதி கேட்டது. 'உம்ம்' என்று விடாமல் ஒலிக்கும் ஹம்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை என்று நாம் சொல்லும் சுருதியை அடுத்தடுத்த கீழ் ஸ்தாயிகளுக்கு இறக்கிக்கொண்டே போனால் 49 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அதாவது ஹம் என்பது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரைக்குக் கீழே, இரண்டிலும் சேராமல் நிற்கிற சத்தம். பெண் பாடகர்கள் பெரும்பாலும் பாடுவது ஐந்து, ஐந்தரை கட்டையில். சினிமாப் பாட்டில் இந்த ஹம் அடிபட்டுப் போகும். தம்புராவோடு சேரும்போது சுருதி கலைந்தது மாதிரி இருக்கும். இதைச் சரி செய்யாமல் விட மனம் வரவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. செய்ததையும் அளந்ததையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் சாதனங்கள். டர்ன்டேபிள் பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு பெல்ட் வழியாகச் சுழற்றுவது), மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் ஏசி சின்க்ரனஸ் மோட்டார், தட்டு உட்கார்ந்து சுற்றும் அலுமினிய பிளாட்டர். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்தது என்பதால் 100 வோல்ட். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்று அந்த நாட்டில் இரண்டு விதம் உண்டு. என்னுடையதில் 50 ஹெர்ட்ஸ் புல்லி (பெல்ட் ஓடும் மோட்டார் சக்கரம்) இருந்தது நல்லதாகப் போயிற்று. 60க்கான புல்லியாக இருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28க்கும் கீழே இறங்கியிருக்கும். 230 வோல்ட்டை 100 ஆக்க ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் காட்ரிட்ஜ், மூவிங் மேக்னட் வகை. ஆம்பிளிஃபயர் பழையது, உள்ளே பெரிய இஐ கோர் (இ, ஐ எழுத்து வடிவத் தகடுகளை அடுக்கிய இரும்பு மையம்) டிரான்ஸ்ஃபார்மர். இவை எல்லாம் ஒரே மர ஸ்டாண்டில் இருந்தன. ஆம்பிளிஃபயர் கீழ்த்தட்டில், டர்ன்டேபிள் அதற்கு நேர் மேலே, ஸ்டெப் டவுன் அதன் பின்னால். பார்க்க அழகாக இருந்தது. காந்தப் புலக் கணக்கில் இதைவிட மோசமாக அடுக்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

காட்ரிட்ஜ் ஏன் இவ்வளவு எளிதில் ஹம்மைப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்ற வேலை எளிது. அதற்குள் இருப்பது மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று சுற்றிய காயில். முள்ளின் மறுமுனையில் ஒட்டிய குட்டிக் காந்தம் அசையும்போது அந்தக் காயிலில் சில மில்லிவோல்ட் உண்டாகிறது. காயிலுக்குத் தன் காந்தம் எது, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் எது என்று தெரியாது. மாறுகிற புலம் எதுவானாலும் அதை வோல்ட்டாக மாற்றிவிடும். இதோடு இசைத்தட்டுகளுக்கான ஆர்ஐஏஏ ஈடு என்ற ஒலிச் சமன் முறை சேர்கிறது. தட்டில் வெட்டும்போது பேஸை, அதாவது கீழ் ஒலிகளை, குறைத்து வெட்டுவார்கள், காட்ரிட்ஜின் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஆம்பிளிஃபயர் அதைத் திரும்ப உயர்த்த வேண்டும். 50 ஹெர்ட்ஸில் இந்த உயர்வு சுமார் 17 டெசிபல். ஆயிரம் ஹெர்ட்ஸை 100 மடங்கு பெருக்கும் அதே சர்க்யூட் 50 ஹெர்ட்ஸை 700 மடங்கு பெருக்குகிறது. ஹம்முக்கு நாமே மேடை போட்டுக் கொடுக்கிறோம்.

முதல் ஞாயிறு முழுக்க ஸ்க்ரூ டிரைவரையே தொடவில்லை. ஹம் எந்த வகை என்று கண்டுபிடிக்க மட்டும் ஒதுக்கினேன். எர்த் ஒயர் விட்டுப்போனாலும் ஹம் வரும், ஒலி போகும் ஆர்சிஏ ஒயரில் ஷீல்டு (தடுப்பு உறை) அறுந்தாலும் வரும், கிரவுண்ட் லூப்பாலும் (எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாவது) வரும். காந்தப் புலத்தால் வருவது இவற்றிலிருந்து வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் முனையில் இருக்கும் ஹெட்ஷெல்லிலிருந்து காட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, அங்கே வரும் வெள்ளை ஒயரையும் நீல ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். சிவப்பையும் பச்சையையும் அதே போல. வெள்ளையும் நீலமும் இடது சேனல், சிவப்பும் பச்சையும் வலது. ஆம்பிளிஃபயரைப் போட்டு வால்யூமைத் திருகினேன். கிட்டத்தட்ட நிசப்தம். அப்படியானால் ஒயரிங்கும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன, ஹம்மைப் பிடிப்பது காட்ரிட்ஜின் காயில்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒயர் மாற்றி, ஃபோனோ ஆம்பிளிஃபயர் மாற்றி, பணம் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். காட்ரிட்ஜை மீண்டும் மாட்டும்போது முள்ளுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. காது நாளுக்கு நாள் மாறும், எண் மாறாது. ஆம்பிளிஃபயரின் டேப் அவுட்டிலிருந்து (பதிவுக்கான வெளியீடு) யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப்புக்கு ஒயர் போட்டேன். டேப் அவுட்டில் வால்யூம் திருகு குறுக்கே வராது, அதனால் ஒவ்வொரு வாரமும் அளவு ஒப்பிடத் தகுந்ததாக இருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டேன், மோட்டார் ஓடும், பிளாட்டர் நிற்கும். நிற்கும் தட்டின் கடைசிப் பாட்டின் மேல் முள்ளை வைத்து அரை நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்ற படம்) வரைந்து பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம், மைனஸ் 41 டெசிபல் (மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆக சத்தம் குறைவு). 150இல் அடுத்தது, 250இல் இன்னொன்று. 100 ஹெர்ட்ஸில் அதிகம் இல்லை. இது முக்கியமான தடயம். ஆம்பிளிஃபயரின் பவர் சப்ளை ஃபில்டர் கபாசிட்டர் கெட்டிருந்தால் 100 ஹெர்ட்ஸ்தான் உயர்ந்து நிற்கும். 50, 150, 250 என்று ஒற்றைப்படையாக வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது மோட்டாரின் இரும்பிலிருந்து கசியும் புலம் என்று சந்தேகப்படலாம்.

எந்த இரும்பு? மோட்டாரை அணைத்தேன், அளவு அசையவே இல்லை. நான் முதலில் குற்றம் சாட்டியிருந்தது மோட்டாரைத்தான். பிறகு டோன் ஆர்மைக் கையில் பிடித்து மெதுவாக அங்கும் இங்கும் நகர்த்தினேன். காட்ரிட்ஜைவிட நல்ல சோதனைக் கருவி உலகத்தில் கிடையாது, ஏனென்றால் நோயாளியே அதுதான். உள்ளே தள்ளினால் ஹம் உயர்ந்தது, வெளியே இழுத்தால் குறைந்தது. டர்ன்டேபிளை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டாண்டைவிட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். ஹம் சட்டென்று அடங்கியது. கீழ்த்தட்டில் இருந்த ஆம்பிளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர், பிளாட்டரின் நடுப்பகுதிக்கு நேர் கீழே 15 சென்டிமீட்டரில் இருந்தது.

இந்த இடத்தில் வீட்டுப் பாத்திரங்களை வைத்து ஒரு சோதனை செய்தேன், ஷீல்டு பற்றி நான் கற்றதில் பாதி அங்கேதான். முதலில் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை ஆம்பிளிஃபயருக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவில் வைத்தேன். மைனஸ் 41, அப்படியே. ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தாம்பாளத்தில் ஒட்டவில்லை. பிறகு அம்மாவிடம் கேட்டு கனமான இரும்புத் தோசைக்கல்லை வாங்கி அதே இடத்தில் வைத்தேன். மைனஸ் 45. காந்தம் ஒட்டும் உலோகம்தான் காந்தப் புலத்தைத் தன்னுள் இழுத்து வேறு பக்கம் கொண்டுபோகும். ஒட்டாத உலோகம், 50 ஹெர்ட்ஸ் போன்ற மெதுவான அலைக்குக் கண்ணாடி ஜன்னல் மாதிரி, தடுக்காது. செம்பும் அலுமினியமும் உள்ளே உண்டாகும் சுழல் மின்னோட்டத்தால்தான் தடுக்க வேண்டும், அதற்கு 50 ஹெர்ட்ஸில் செம்பு 9 மில்லிமீட்டர், அலுமினியம் 12 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால்தான் குறிப்பிடத்தக்க வேலை செய்யும். செம்புத் தாள் சுற்றினால் ஹம் போகும் என்று பலர் சொல்வார்கள். நானும் பிறகு மோட்டாரைச் சுற்றி ஒட்டிப் பார்த்தேன், ஒரு டெசிபல்கூட நகரவில்லை. செம்புத் தாள் மின்புலத்தைத் தடுக்கும், காந்தப் புலம் அதை ஊடுருவிப் போய்விடும்.

ஆனால் தோசைக்கல் தந்தது 4 டெசிபல். ஆம்பிளிஃபயரை ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஒரு மீட்டர் தள்ளி இடது பக்கம் ஒரு முக்காலியில் வைத்தபோது மைனஸ் 50க்கு இறங்கியது. ஒன்பது டெசிபல், ஒரு பைசா செலவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் கசிவுப் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரத்தை இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்கு. எந்த ஷீல்டும் இதற்கு ஈடு கொடுக்காது. தகடு வெட்டுவதற்கு முன் தள்ளி வைக்க முடிகிற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட வேண்டும் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது ஞாயிறு ஸ்டெப் டவுனுக்குப் போயிற்று. மோட்டாரை அணைத்தாலும் ஹம் ஒரு டெசிபல்தான் குறைந்தது. ஸ்டெப் டவுனின் பிளக்கைப் பிடுங்கியதும் மைனஸ் 72க்கு விழுந்தது. லோடு இல்லாவிட்டாலும் பிளக்கில் இருக்கும் வரை டிரான்ஸ்ஃபார்மரின் கோர் காந்தமாகிக்கொண்டே இருக்கும் என்பதை மறந்திருந்தேன். அதைத் தரையில் ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, 100 வோல்ட் பக்க ஒயரை நீட்டினேன். நீட்டிய இரண்டு ஒயர்களையும் கயிறு மாதிரி முறுக்கினேன். தனித்தனியாகப் போனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே ஒரு காயில் போல நடந்துகொள்ளும். கடைசியாக அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கால் வட்டம் திருப்பி வைத்தேன். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சேசிஸில் துளை போடுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வைத்துத் திருப்பி, ஹம் குறைகிற கோணத்தைப் பிடித்து அதன் பிறகே போல்ட் போடுவார்கள். அதே வித்தைதான். மோட்டார் ஓடும்போது இப்போது மைனஸ் 57.

மிச்சம் இருப்பது மோட்டார். இதைத் தள்ளி வைக்க முடியாது, பிளாட்டருக்கு அடியில் இடது பின்மூலையில் உட்கார்ந்திருக்கிறது. தட்டு முடிய முடிய காட்ரிட்ஜ் அதை நோக்கியே நகர்கிறது. மூன்றாவது ஞாயிறு வோல்ட் மீட்டரை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அன்று மாலை 243 வோல்ட் இருந்தது. ஸ்டெப் டவுனிலிருந்து மோட்டாருக்குப் போய்க்கொண்டிருந்தது 112 வோல்ட். இந்த மாதிரி சின்ன லோடில் ஸ்டெப் டவுன்கள் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்கும். 100க்குச் சுற்றிய மோட்டாருக்கு 112 கொடுத்தால் அதன் இரும்பு காந்தப் புலத்தால் நிறைந்து, மிச்சப் புலம் வெளியே வழிகிறது. சின்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது ஹெர்ட்ஸ், வோல்ட் அல்ல. அதனால் வோல்ட்டைக் குறைத்தால் வேகம் கெடாது. 220 ஓம், 5 வாட் வொயர்வௌண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடர் இணைப்பில் போட்டேன். மோட்டாருக்கு இப்போது 98 வோல்ட். ரெசிஸ்டர் சூடாகும், அதனால் டர்ன்டேபிளுக்குள் வைக்காமல் ஸ்டெப் டவுன் பெட்டிக்குள், காற்றோட்டமான இடத்தில், ஸ்லீவ் போட்டு, ஒரு ஃபியூஸோடு வைத்தேன். இந்த வேலைக்கு மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மோட்டாரின் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதையும் இறக்கிவிட்டுத்தான். உயர் மின்னழுத்த வேலை பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெல்ட்டை மாட்டி வேகம் பார்த்தேன். 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தாளைத் தட்டின் மேல் வைத்து, நியான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் 33⅓இல் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். எல்இடி விளக்கில் இது சரியாகத் தெரியாது, பல விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை. கோடுகள் நின்றன. பிளாட்டர் முழு வேகம் பிடிக்க முன்னைவிட ஒரு நொடி கூடுதலாகிறது, அவ்வளவுதான். ஹம் மைனஸ் 60. எதிர்பாராத லாபமாக மோட்டாரின் அதிர்வும் குறைந்தது. பிளின்த் (டர்ன்டேபிளின் அடிப்பெட்டி) மேல் விரல் வைத்தால் முன்பு தெரிந்த நடுக்கம் இப்போது தெரியவில்லை.

நான்காவது ஞாயிறு நான் செய்தது வீண். ஆனாலும் எழுதுகிறேன். காந்தப் புலத்தைத் தடுக்க மியூமெட்டல்தான் சிறந்தது என்று எல்லா இடத்திலும் படித்திருந்தேன். சுமார் முக்கால் பங்குக்கு மேல் நிக்கலும் மீதி இரும்பும் சிறிது வேறு உலோகமும் கலந்த கலவை அது. 1923இல் கடலடித் தந்திக் கேபிளுக்காக இங்கிலாந்தில் ஸ்மித், கார்னெட் என்ற இருவர் உருவாக்கினார்கள். சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு எளிதாகக் காந்தப் புலத்தை உள்ளே இழுக்கும். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆசிலாஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) உதிரிகளைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம், பிக்சர் டியூபைச் சுற்றி இருக்கும் மியூமெட்டல் உறை கிடைத்தது. மகிழ்ச்சியாகக் கொண்டுவந்து, வெட்டி, தட்டி, வளைத்து, மோட்டாரைச் சுற்றிப் பொருத்தினேன். மைனஸ் 62. இரண்டே டெசிபல். பிறகுதான் காரணம் புரிந்தது. மியூமெட்டலைத் தட்டினாலோ வளைத்தாலோ அதன் படிக அமைப்பு குலைந்து, அந்த அபூர்வ குணமே போய்விடும். வடிவம் கொடுத்த பிறகு ஹைட்ரஜன் உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆற வைத்தால்தான் அது திரும்ப வரும். அந்த உறை பிக்சர் டியூபுக்கான வடிவத்தில், உலையிலிருந்து வந்தபடி இருந்தவரை அருமையான பொருள். அதை நான் கெடுத்துவிட்டேன் என்பது இன்னும் வருத்தம்தான். முழுசாக இருக்கும் மியூமெட்டல் உறை உங்கள் கையில் கிடைத்தால், அது எதற்குள் அப்படியே பொருந்தும் என்று தேடுங்கள், கத்தரியை எடுக்காதீர்கள்.

வழி காட்டியவர் பெரம்பூர் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் கட்டும் கடைக்காரர். "அண்ணே, மோட்டாரைச் சுத்தி மூடணும், என்ன தகடு போடலாம்?" என்று கேட்டேன். கோர் வெட்டி மிஞ்சிய சிஆர்ஜிஓ (டிரான்ஸ்ஃபார்மர் கோருக்கான சிலிக்கன் எஃகு) தகட்டுத் துண்டுகளை எடுத்துக் காட்டினார். "இது ஒரு பக்கமா உருட்டின தகடு தம்பி. நீளவாக்குலதான் காந்தம் நல்லா ஓடும், குறுக்க ஓடாது. ரெண்டு தகடு போடுங்க, ஒண்ணு நெட்டுக்க, ஒண்ணு குறுக்க." அந்த ஒரு வாக்கியம் என் ஐந்தாவது ஞாயிறைக் காப்பாற்றியது. 0.27 மில்லிமீட்டர் தகடு. டிரான்ஸ்ஃபார்மர் கோருக்கென்றே செய்தது என்பதால் மியூமெட்டல் அளவுக்கு இல்லாவிட்டாலும் சாதாரண இரும்புத் தகட்டைவிட மிக நன்றாக வேலை செய்யும். வளைப்பதால் இதற்கும் கொஞ்சம் கெடுதல் உண்டு, ஆனால் மியூமெட்டல் மாதிரி ஒரேயடியாகப் போய்விடாது.

முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். மோட்டாரைச் சுற்றி ஒரு வளையம், மோட்டார் உயரத்தைவிட சற்றுக் கூடுதல் உயரம். மேலே ஒரு மூடி, அதில் புல்லியும் பெல்ட்டும் போக வழி. அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு தகடு. தகடு வெட்டும் கத்தரியால் வெட்டியபோது விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது, கையுறை போட்டிருந்ததால் தப்பித்தேன். வளையத்துக்கு இரண்டு அடுக்கு, முதல் அடுக்கின் உருட்டல் திசை சுற்றுவாக்கில், இரண்டாவது செங்குத்தாக. நடுவில் மெல்லிய அட்டை. முனைகள் ஒன்றின் மேல் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் ஏறும்படி வைத்தேன், ஏனென்றால் இடைவெளி இருக்கும் இடத்தில் புலம் வெளியே குதிக்கும். அடுக்குகளை அரால்டைட்டால் ஒட்டினேன். ஒட்டாமல் விட்டால் 100 ஹெர்ட்ஸில் தகடே அதிர்ந்து ரீங்காரமிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, தகடு மோட்டாரைத் தொடக் கூடாது. மோட்டார் ரப்பர் புஷ்ஷில் மிதக்கிறது, தகடு தொட்டால் அதன் அதிர்வு நேராக பிளின்த்துக்குப் போய் முள் வழியாகப் பாட்டில் சேரும். சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் விட்டு, தகட்டை பிளின்த்தில் மட்டும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினேன். அதிலிருந்து ஒரு ஒயரை எர்த் டெர்மினலுக்கு இழுத்தேன். கீழ்ப்பக்கம் மூடவில்லை, மோட்டார் சூடு வெளியே போக வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிகிற சூடுதான்.

பிளாட்டரின் மேல், தட்டு உட்காரும் மேட் விரிப்புக்கு அடியில் இரும்புத் தகடு போட்டுவிடலாமே என்ற யோசனையும் வந்தது. போடவில்லை. காட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் அந்த இரும்பை இழுக்கும், முள்ளின் பாரம் நாம் வைத்ததைவிடக் கூடிவிடும். வலுவான காந்தம் கொண்ட மூவிங் காயில் காட்ரிட்ஜில் இது இன்னும் மோசம். சத்தம் பிறக்கிற இடத்தை மூடுவதுதான் நல்லது, காட்ரிட்ஜ் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோவது கடைசி வழி.

மீண்டும் பெல்ட்டைக் கழற்றி, அதே தட்டு, அதே கடைசிப் பாட்டு, அதே அரை நிமிடம். 50 ஹெர்ட்ஸில் மைனஸ் 69. தொடங்கியபோது 41. இடையில் 28 டெசிபல், அதாவது ஹம்மின் அளவு 25இல் ஒரு பங்காகியிருக்கிறது. 150 ஹெர்ட்ஸ் கோபுரம் தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்துவிட்டால் ஹம் பழைய உயரத்துக்குப் போகாவிட்டாலும் கரகரப்பாக மாறுகிறது. எங்கள் வீட்டில் இருப்பது பழைய சதுர அலை இன்வெர்ட்டர், அதன் அலையில் 150, 250 எல்லாம் ஏராளம். மோட்டாரும் அதில் முனகுகிறது. இப்போதைக்கு கரண்ட் போனால் முள்ளைத் தூக்கிவிடுகிறேன். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறியதும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

அன்று இரவு ஃபேனை அணைத்துவிட்டு, அப்பாவின் தட்டுகளில் ஐந்தரை கட்டையில் பாடிய ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டேன். முள் இறங்கியது, தட்டின் லேசான பொரிச்சத்தம், அதன் பிறகு தம்புரா. அம்மா சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். "இந்தத் தம்புரா அப்போ இப்படித்தான் கேக்கும்" என்றார். தோசைக்கல்லை அன்றுதான் திருப்பிக் கொடுத்தேன்.